அரசமரத்தடிக்குப் போகும் படங்கள்

கோவில் அரசமரத்தடியில், நாகர் சிலைகளை ஒட்டிச் சாய்த்து வைக்கப்பட்ட பழைய தெய்வப் படங்களைக் காணாத பக்தர் இருக்க முடியாது. கண்ணாடி விரிந்த முருகன், ஓரம் செல்லரித்த கஜலட்சுமி, நீர்க்கறை படிந்த ராமர் பட்டாபிஷேகம் என்று அவை வெயிலிலும் மழையிலும் கிடந்து மெல்லக் கரைகின்றன. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும், பெற்றோர் காலமான பின்பு பொருள்களைப் பங்கிடும்போதும், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறும்போதும் முதலில் இடம் இழப்பவை இந்தப் படங்களே. குப்பையில் போட மனம் ஒப்பாது, வைத்துக்கொள்ளவும் இடமில்லை. ஆகவே மரத்தடி, அல்லது ஆற்று நீர்.

இவ்வாறு விடுவதில் பக்திக் குறைவு ஏதும் இல்லை. பெரியோர் காட்டிய வழக்கம்தான். ஆனால் அங்கே வந்து சேர்பவற்றுள் எது வெறும் நைந்த தாள், எது இனி ஒருமுறை அச்சாக வாய்ப்பில்லாத சித்திரம் என்று பிரித்துப் பார்ப்போர் மிகச் சிலர். அச்சிலர்தாம் இப்போது பழைய அச்சுப் படங்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். அவர்களுள் பெருஞ்செல்வர் மிகுதி இல்லை. எண்ணெய் ஓவியமோ சோழர்காலச் செப்புத் திருமேனியோ வாங்கும் வசதி அவர்களுக்குக் கிடையாது. வாங்குவதற்குச் சட்டமும் எளிதில் இடம் தராது. ஆனால் 1940-களிலிருந்து 1970-கள் வரை தமிழகத்துச் சுவர்களை அலங்கரித்த நாள்காட்டிப் படங்களை ஓய்வூதியக்காரரும் வாங்க முடியும்.

இப்படங்களின் முன்வரலாறு ராஜா ரவிவர்மாவிடம் தொடங்குகிறது. அரண்மனைகளுக்கு ஓவியம் தீட்டி வந்த அவர், 1894-இல் பம்பாயில் ஓர் அச்சகத்தை நிறுவினார். சுண்ணாம்புக் கல்லின்மீது ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே வரைந்து, ஒரே தாளில் மாற்றி மாற்றிப் பதித்தெடுக்கும் லித்தோ முறை அங்கே கையாளப்பட்டது. ஒரு படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கற்கள்கூடத் தேவைப்பட்டன. ஒரு கல் மயிரிழை விலகினாலும் சரஸ்வதியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். அச்சகம் பின்னர் லோனாவளாவுக்கு அருகே மாற்றப்பட்டது. கடன் சுமை தாளாமல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஒருவருக்கு விற்கப்பட்டது. ரவிவர்மா 1906-இல் மறைந்த பின்பும் அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் அச்சாகிக்கொண்டே இருந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கோவிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டிருந்த மக்களின் வீட்டுக்குள்ளும் தெய்வத்தின் திருமுகம் தாள் வடிவில் சென்று சேர்ந்தது. வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே அச்சுக்கலைக்கு நன்றி சொல்லலாம்.

செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் காணக்கிடைக்கும் ரவிவர்மா படங்கள் சிலவற்றில், அம்பாளின் புடவைமீது சரிகையும் ஜிகினாவும் பட்டுத் துணியும் கையால் ஒட்டப்பட்டிருக்கும். உற்சவமூர்த்திக்கு அலங்காரம் செய்யும் கைகள் படத்தையும் விட்டுவைக்கவில்லை. அத்தகைய பழைய பிரதிகளின் விலை இப்போது சாமானியர் எட்டும் உயரத்தில் இல்லை. எனவே இக்கட்டுரை அவற்றை வணங்கிவிட்டுக் கோவில்பட்டிக்கு நகர்கிறது.

சி. கொண்டையராஜு 1898-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை அரசு கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றார். பின்பு சில காலம் திருவண்ணாமலையில் பகவான் ரமணரின் ஆசிரமத்தில் தங்கினார். துறவை நாடிச் சென்றவரைக் கலை திரும்ப அழைத்துக்கொண்டது. நாடகக் கம்பெனி ஒன்றில் திரைச்சீலைகள் தீட்டும் ஓவியராக ஊர் ஊராகச் சென்றார். அக்கம்பெனி 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்தபோது, சக ஓவியர்கள் சிலருடன் அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ அங்கேதான் உருவாயிற்று. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மு. சீனிவாசன், செண்பகராமன் ஆகியோர் அவருடைய சீடர் வரிசையில் வருவோர். இல்லறம் ஏற்காமல், எளிய வாழ்க்கை நடத்தி, 1976-இல் மறையும்வரை அவர் அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

இந்தப் பின்னணி அவருடைய படங்களில் அப்படியே தெரிகிறது. அம்பாளுக்குப் பின்னே இருக்கும் மண்டபத் தூண்களும், மடிப்பு விழுந்த பட்டுத் திரையும், முன்னால் இறங்கும் படிக்கட்டும், தொலைவில் நீலமாகத் தேயும் மலையும் நாடக மேடையிலிருந்து வந்தவை. மேடையில் வெளிச்சம் முன்னாலிருந்து விழும். அவர் தீட்டிய திருமுகங்களிலும் நிழல் ஏறக்குறைய இல்லை. கருவறையில் தீபாராதனை நடக்கும் கணத்தில் முகம் எப்படி ஒளிருமோ அப்படியே. ரவிவர்மாவின் தேவியர் பக்கவாட்டில் எங்கோ நோக்கி நிற்பதும் உண்டு. கோவில்பட்டிப் படத்தின் தெய்வமோ பெரும்பாலும் பார்ப்பவரின் கண்ணையே பார்க்கும். கரங்களின் எண்ணிக்கை, ஏந்திய ஆயுதங்கள், வாகனம் ஆகியவற்றில் தியான சுலோகத்துக்கு மாறுபடாத கவனமும் உண்டு. இப்போது கணினியில் உருவாக்கப்பட்டு வரும் சில படங்களில் ராமபிரானும் ஆஞ்சநேயரும் மற்போர் வீரர்களைப்போல் தசை முறுக்கி, சினந்த விழியுடன் காட்சி தருவதைப் பார்க்கும்போது, கொண்டையராஜு காலத்துச் சாந்த முகங்களின் அருமை இன்னும் நன்றாக விளங்குகிறது.

கோவில்பட்டி ஓவியருக்கு அச்சகம் தேடித் தொலைதூரம் போக வேண்டியிருக்கவில்லை. சிவகாசி அருகிலேயே இருந்தது. மழை குறைந்த அந்தக் கரிசல் பகுதியில் விவசாயத்தை மட்டும் நம்ப முடியாத நிலையில், பி. அய்ய நாடாரும் கா. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு ஒட்டுத்தாள் வேண்டும். ஒட்டுத்தாளுக்கு வண்ண அச்சு வேண்டும். இப்படி வளர்ந்த லித்தோ அச்சகங்கள் நாள்காட்டிப் படங்களையும் அச்சிடத் தொடங்கின. மையை விரைவில் உலரச் செய்யும் வறண்ட காற்று, விவசாயியைக் கைவிட்டாலும் அச்சுத்தொழிலுக்குக் கைகொடுத்தது. அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டி ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று பூஜையிட்டு வெளியிடும் வழக்கம் சிவகாசியில் இன்றும் உள்ளது. ஜவுளிக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் அந்த ஆல்பத்தைப் புரட்டித் தமக்கு இஷ்டமான தெய்வத்தைத் தேர்ந்தெடுப்பர். கீழே கடையின் பெயர் தனியே அச்சேறும். பொங்கலுக்குள் அது வாடிக்கையாளர் வீட்டு ஆணியில் தொங்கும். ஆண்டு முடிந்ததும் நாள் தாள்கள் கிழிந்து போகும்; படம் மட்டும் சட்டமேறிப் பூஜையறைக்குள் புகும். விலை கொடுத்து வாங்காத படம் வீட்டின் மூலவராகிவிட்ட கதை தமிழகத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பொருந்தும்.

இலவசமாகக் கிடைத்ததாலேயே அதற்கு மதிப்பு இல்லை என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அந்த எண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர்கள் வெளிநாட்டு அறிஞர்கள் என்பதைச் சற்றுக் கூச்சத்துடன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாஞ்சராத்ர ஆகம நூல்களை ஆராய்ந்து விரிவான நூற்பட்டியல் தொகுத்த அமெரிக்கப் பேராசிரியர் ஹெச். டேனியல் ஸ்மித், கடைவீதித் தெய்வப் படங்களையும் அதே அக்கறையுடன் சேர்த்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அப்படங்கள் சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இன்று பேணப்படுகின்றன. கனடாவைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் ஸ்டீபன் இங்லிஸ், கொண்டையராஜுவின் வாழ்வையும் பணியையும் ஆராய்ந்து எழுதினார். உள்ளூரிலும் ஒருவர் இருந்தார். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், பழைய நூல்களோடு நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள் முதலான, பிறர் கசக்கி எறிந்த தாள்களையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்த பின், அந்தச் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

இனி, வீட்டுப் பரணில் ஒரு படம் கிடைத்தால் அதன் வயதை எவ்வாறு அறிவது? ஓவியத்தைவிட அதன் கீழுள்ள விளம்பரமே நல்ல சாட்சி. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. ‘மதராஸ் 1’ என்பதுபோல் ஓரிலக்க ஈரிலக்க வட்ட எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய காலத்தை எண்ணலாம். நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. ‘சென்னை ராஜ்யம்’ என்ற சொல் 1969 பொங்கலுக்கு முந்தையது. பெரிய வங்கியின் நாள்காட்டி என்றால் பெயரின் இறுதியைக் கவனிக்க வேண்டும்: 1969 ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின, அவற்றின் பெயரிலிருந்து ‘லிமிடெட்’ என்ற வால் அப்போது நீங்கிற்று. சிவகாசிக்கு ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்று போட்டிருந்தால் அது 1985-இன் மாவட்டப் பிரிவினைக்கு முந்தைய அச்சாக இருக்கும்.

எழுத்தும் பேசும். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், ஐகாரம் ஏறிய ண, ல, ள, ன ஆகியவை துதிக்கை தூக்கிய யானையைப்போல் எழுதப்பட்டன. அந்த வடிவம் இருப்பது மட்டும் போதிய சான்றாகாது. சில அச்சகங்கள் பின்னரும் அதை விடவில்லை. ஆனால் புதிய வடிவம் உள்ள தாளைக் காட்டி ‘இது ஐம்பதுகளில் வந்தது’ என்று ஒருவர் விற்க முன்வந்தால் ஐயப்படலாம். பெரியாரின் ‘குடியரசு’ இதழ் 1935-லேயே புதிய எழுத்துக்கு மாறியது உண்மைதான். ஆயினும் அங்கே கஜலட்சுமி அச்சாகியிருக்க வழியில்லை.

ஆண்டு கிழிந்துபோய் மாதத்தாள் மட்டும் எஞ்சிய நாள்காட்டிக்குப் பஞ்சாங்க அறிவு துணை செய்யும். ஜனவரி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை என்றால், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் 1950, 1956, 1961, 1967 ஆகிய நான்கே ஆண்டுகள் பொருந்தும். சித்திரையில் பிறக்கும் தமிழ் வருஷத்தின் பெயர் தெரிந்தால் ஐயம் தீர்ந்தது. விகிர்தி 1950; துன்முகி 1956. பிலவ 1961, பிலவங்க 1967. பிந்தைய இரண்டையும் குழப்பி ஆறு வருஷத்தைத் தவறவிடுவோர் உண்டு. அறுபது வருஷங்களின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டி வீட்டில் இருந்தால், விலையுயர்ந்த நிபுணர் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: இவையெல்லாம் நாள்காட்டியின் வயதைச் சொல்லுமே தவிர, ஓவியத்தின் வயதைச் சொல்லா. ஒரே ஓவியம் பல ஆண்டுகள், பல கடைகளின் பெயரோடு திரும்பத் திரும்ப அச்சானது.

புது நகலைப் பழையது என்று விற்கும் வியாபாரமும் நடக்கிறது. பூதக்கண்ணாடி ஒன்று போதும். கல்லில் வரைந்தெடுத்த பழைய படத்தில், சிறியதும் பெரியதுமாகக் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கின்றிக் கலந்திருக்கும். ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், சிறு பூக்கள்போல் வட்டமிட்டு நிற்கும். கணினி அச்சுப்பொறியில் எடுத்த நகலில் வரிசையும் இராது, கைப்புள்ளியும் இராது. மை தூவியதுபோல் இருக்கும். தாளைத் தேநீரில் நனைத்துப் பழுப்பேற்றும் தந்திரமும் உண்டு. இயற்கையாகப் பழுத்த தாளில் சட்டம் மறைத்த ஓரம் வேறு நிறமாகவும், வெளிச்சம் பட்ட நடுப்பகுதி வேறு நிறமாகவும் இருக்கும். நகல் என்று சொல்லியே விற்றால் குற்றமில்லை. ஓவியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்ததால் ரவிவர்மாவின் படங்களை எவரும் அச்சிடலாம். கொண்டையராஜுவின் படங்களுக்கு அந்தக் காலம் இன்னும் நிறைவடையவில்லை.

எங்கே கிடைக்கும் என்பதற்கு, காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைத்தான் பலரும் முதலில் சொல்வர். ஊர் தோறும் உள்ள பழைய தாள் கடைகளும், பல தலைமுறையாகப் படத்துக்குச் சட்டம் போட்டுத் தரும் கடைகளும் அதைவிடச் சிக்கனமானவை. சட்டம் போடக் கொடுத்துத் திரும்பப் பெறாத படங்கள் அக்கடைகளின் மூலையில் அடுக்கியிருக்கும். சட்டமில்லாத நாள்காட்டித் தாள் சில நூறு ரூபாய்க்குள் படியக்கூடியது. அதற்குமேல் கேட்டால் நிதானிப்பது நல்லது. விற்று லாபம் பார்க்கும் முதலீடாக இதை எண்ணி இறங்குவது விவேகம் ஆகாது. வாங்குவது எளிது; அவசரத்துக்கு விற்பது எளிதன்று. நாதத்வாரா ஓவியர்களின் கிருஷ்ணர் படங்கள், பம்பாயில் முல்காவங்கர் வரைந்தவை, சென்னையில் கே. மாதவன் வரைந்தவை என்று தேட வேண்டியவை இன்னும் பல உண்டு. தொடங்குவோருக்குக் கோவில்பட்டியே போதும்.

பக்தரின் மனத்தில் இதற்குள் ஒரு கேள்வி எழுந்திருக்கும். வழிபட்ட படத்தைக் கலைப்பொருள் என்று சேர்ப்பது அபசாரம் ஆகாதா? விலை பேசுவது முறையா? எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. கோவில் மூர்த்திக்குப்போல் வீட்டுப் படத்துக்கு ஆகமப்படி பிரதிஷ்டை செய்வதில்லை என்பது ஒரு சமாதானம். ஆனால் நாற்பது வருஷம் ஒரு தாய் தினமும் விளக்கேற்றி வணங்கிய படத்தை வெறும் தாள் என்று எந்த மகனும் சொல்லத் துணிய மாட்டான். சேகரிப்போரில் மரியாதை அறிந்தவர்கள் தமக்குள் சில வரம்புகளை வைத்துக்கொள்கிறார்கள். பூஜையில் இருந்ததைத் தனியே வைத்து, விழாநாளில் ஒரு பூவாவது சாத்துவர். தரையில் அடுக்க மாட்டார்கள். செருப்பு வைக்கும் நடைக்கு எதிரே மாட்ட மாட்டார்கள். பழமை மோகத்தில் உணவு விடுதிகள் சில, கைகழுவும் இடத்துக்கு மேலே பழைய மகாலட்சுமி படத்தை அலங்காரமாக மாட்டுவதை இந்த வரம்புக்குள் கொண்டுவர முடியாது. அந்த லட்சுமி மரத்தடியில் மழையில் நனைந்திருந்தாலும் கௌரவமாகவே இருந்திருப்பாள்.

காப்பதற்கு வேண்டிய செலவு சொற்பம். படத்தை முதலில் கெடுப்பது வெயில். சிவப்பும் மஞ்சளும் முன்னே வெளிறி, நீலம் மட்டும் எஞ்சும். ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டலாகாது. மைதாப் பசையால் அட்டையில் ஒட்டினால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகும். பின்புறத்துப் பலகையும் பழுப்பு அட்டையும் தம்மிலுள்ள அமிலத்தால் தாளைப் பொரித்துவிடும். அமிலம் நீக்கிய அட்டை பெருநகரங்களின் ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும். கண்ணாடியும் தாளும் ஒன்றையொன்று தொடாமல் இடையே அட்டை விளிம்பு வைக்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் மழைக்காலத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிவிட்டதை உரித்தெடுக்க முயலக் கூடாது. கண்ணாடியோடு அப்படியே விடுவது மேல். பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேஷன் செய்வது காப்பதுபோல் தோன்றி, மீட்க வழியில்லாமல் கெடுக்கும். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின்மேல் இடலாம்; தாளின்மேல் இட்டால் எண்ணெயும் மஞ்சளும் ஊறி நிரந்தரக் கறையாகும். ஈரத் துணியால் துடைப்பதைவிட, மென்மையான தூரிகையால் தூசு தட்டுவது நல்லது. விளக்குக்கு நேர்மேலே உள்ள படத்தை ஒரு சாண் தள்ளி மாட்டினாலே கரி படிவது பெரிதும் குறையும்.

பிள்ளைகள் மூவர், படம் ஒன்று என்ற நிலை பல குடும்பங்களில் வருகிறது. படத்துக்காகப் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்களும் உண்டு. நல்ல ஸ்கேன் எடுத்து, மூலத்தை ஒருவரும் அதே அளவு நகலை மற்ற இருவரும் வைத்துக்கொள்வது நடைமுறையில் வேலை செய்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நகலைச் சுருட்டிக் குழாயில் அனுப்பலாம். பழைய மூலத்தைச் சுருட்டினால் மடிப்பில் வெடிக்கும்.

எவரிடம் போனாலும், பெரியவர்கள் இருக்கும்போதே படத்தின் பின்புறம் நான்கு வரி எழுதி வைப்பது நல்லது. எந்தக் கடை கொடுத்தது, எந்த ஆண்டு வந்தது, யாருடைய கல்யாணத்துக்குப் பின் பூஜையறைக்கு ஏறியது, எந்த வீட்டுச் சுவரில் இருந்தது. இவற்றை எந்தப் பூதக்கண்ணாடியும் பின்னாளில் காட்டித் தராது. பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறிவிடும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்த அன்றே, தாளின் ஓரத்தில், அழுத்தாமல், பென்சிலால் எழுத வேண்டும்.